பசையில் பிறந்த பெயர்

வீட்டில் அண்ணனோ அக்காவோ ஒன்பதாம் வகுப்புப் படித்தால், அவர்களுடைய அறிவியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கலவைகளைப் பற்றிய பாடத்தில் ‘கூழ்மம்’ என்று ஒரு சொல் இருக்கும். பால், மூடுபனி, புகை, ஜெல்லி, பெயின்ட் எல்லாமே கூழ்மம்தான். ஜெல்லி சரி, பார்த்தாலே கூழ் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் புகைக்கும் கூழுக்கும் என்ன சம்பந்தம்?

இப்படிக் கேட்கத் தோன்றினால், பாடத்தைச் சரியாகவே படிக்கிறீர்கள் என்று அர்த்தம். பதில் கிடைக்க, நாம் 1861-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

அப்போது பிரிட்டனின் அரசு நாணயச் சாலைக்குத் தலைவராக இருந்தவர் தாமஸ் கிரகாம். அவருக்கு வெகு காலம் முன்பு ஐசக் நியூட்டன் வகித்த பதவி அது. கிரகாம் 1805-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மகனுக்கோ வேதியியல் என்றால் உயிர். அப்பாவின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு வேதியியலே படித்தார், பிறகு அதையே கற்பித்தார்.

அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. ஒரு பொருளை யாரும் கலக்காமல், குலுக்காமல் சும்மா விட்டுவிட்டால், அது தானாகவே எவ்வளவு வேகமாகப் பரவும்? இளைஞராக இருந்தபோது வாயுக்களை வைத்து இதைச் சோதித்தார். பெரிய வகுப்புகளில் ‘கிரகாம் விதி’ என்று படிக்கப் போகிறீர்களே, அது அப்போது கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அதே கேள்வியைத் திரவங்களிடம் கேட்டார்.

சோதனையில் பெரிய கருவி எதுவும் இல்லை. உயரமான கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். நீளமான மெல்லிய குழாய் வழியாக, உப்புக் கரைசலையோ சர்க்கரைக் கரைசலையோ ஜாடியின் அடியில் மெதுவாக இறக்குவார். கரைசல் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். பிறகு ஜாடியைத் தொடவே மாட்டார். நாள்கணக்கில் அது அப்படியே நிற்கும். கடைசியில் மேலிருந்து அடுக்கு அடுக்காகத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று அளப்பார். வேலை சுலபம் போலத் தெரியும். ஆனால் மேசையை யாராவது தட்டிவிட்டால் அத்தனை நாள் காத்திருப்பும் வீண். இப்படிப்பட்ட பொறுமையைத்தான் நான் அறிவியலின் பாதி என்பேன்.

கிடைத்த விடைகளைப் பாருங்கள். ஒரே அளவு பரவ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஆகும் நேரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், சமையல் உப்புக்கு 2.33 ஆனது. சர்க்கரைக்கு 7. முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்துக்கு 49. கேரமலுக்கு, அதாவது பழுப்பு நிறம் வரும்வரை தீய்த்த சர்க்கரைக்கு, 98!

இந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். கேரமல் என்பது வேறு ஏதோ பொருளா? சட்டியில் போட்டு உருக்கிய அதே சர்க்கரைதானே? உருக்குவதற்கு முன்பு 7, உருக்கிய பிறகு 98. பதினான்கு மடங்கு சோம்பல்! சூட்டில் சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய கூட்டங்களாகிவிடுகின்றன. பெரிய உடம்பு மெதுவாகத்தான் நகரும். இன்று நமக்கு இது தெரியும். கிரகாமுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சில பொருள்கள் தண்ணீரில் ஓடுகின்றன, சில பொருள்கள் தவழ்கின்றன.

தவழும் பொருள்களை அவர் வரிசையாக வைத்துப் பார்த்தார். கோந்து, ஸ்டார்ச், அல்புமின், கேரமல், ஜெலட்டின். இவற்றுக்குள் இன்னோர் ஒற்றுமையும் இருந்தது. உப்புக் கரைசலைக் காயவைத்தால் அழகான படிகங்கள் கிடைக்கும். சர்க்கரையும் கற்கண்டாகக் கட்டும். கோந்துக் கரைசலைக் காயவைத்தால்? படிகம் வராது. கண்ணாடிச் சில்லு போல உருவமில்லாமல் காய்ந்து நிற்கும். ஓடுபவை படிகமாகின்றன, தவழ்பவை ஆவதில்லை. அப்படியானால் இவை இரண்டு தனித்தனி இனங்கள் என்று கிரகாம் முடிவு கட்டினார்.

தவழும் இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமே. அந்த இனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாக அவர் கண்ணில் பட்டது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் வெகு நேரம் கொதிக்கவைத்தால் ஒரு பசை கிடைக்கும். மரவேலை செய்பவர்கள் பலகைகளை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரப் பசை அதுதான். அதைச் சுத்தமாக எடுத்தால் ஜெலட்டின். கிரேக்க மொழியில் பசைக்குக் ‘கொல்லா’ என்று பெயர். ‘போன்றது’ என்ற பொருள் தரும் கிரேக்க விகுதியை அதோடு சேர்த்து, ‘கொலாய்டு’ என்றார். பசை போன்றது! படிகமாகிற இனத்துக்குக் ‘கிரிஸ்டலாய்டு’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இப்போது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. கொலாய்டு நிலைத்துவிட்டது.

‘கொல்லா’வுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. நம் தோலையும் எலும்பையும் உறுதியாக வைத்திருக்கும் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர், ‘பசையைத் தருவது’ என்று பொருள். காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் படத்தைக் கொலாஜ் என்கிறோம், அதுவும் பசைதான். பழைய காலத்தில் பாப்பிரஸ் சுருளின் முதல் ஏடாக ஒட்டப்பட்ட தாளுக்கு வைத்த கிரேக்கப் பெயரிலிருந்துதான் ‘புரோட்டோகால்’ என்ற சொல் வந்தது. டி.வி. செய்தியில் தலைவர்களின் வருகை பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, ஓடுவதையும் தவழ்வதையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிரிக்க முடியுமா? கிரகாம் சர்க்கரையையும் கோந்தையும் ஒரே தண்ணீரில் கரைத்தார். பிறகு எடுத்தது ஒரு கடிதத் தாள்! பிரான்சில் செய்த மெல்லிய தாள் அது. மை ஊறாமல் இருக்க அதற்கு ஸ்டார்ச் போட்டிருந்தார்கள், நம் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போடுவார்களே, அப்படி. தாளைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, நடுவில் குழியாக்கி, அந்தக் குழியில் கலவையை ஊற்றினார். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், சர்க்கரையில் முக்கால் பங்கு தாளைக் கடந்து கீழே இருந்த தண்ணீருக்குப் போயிருந்தது. அந்தத் தண்ணீரை வற்றவைத்ததும் சர்க்கரை படிகமாகக் கட்டியது. அவ்வளவு சுத்தம். கோந்து தாளின் மேலேயே தங்கிவிட்டது.

பிறகு, அமிலத்தில் தோய்த்து உறுதியாக்கிய ஒருவகைத் தாளை வளையத்தில் இழுத்துக் கட்டி, சிறு பறை போல ஒரு கருவி செய்துகொண்டார். இந்தப் பிரிக்கும் வேலைக்கும் அவரே பெயர் வைத்தார். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போன தாத்தா, பாட்டி யாராவது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்ச் செய்துகொள்கிறார்களே, அதுதான். டயாலிசிஸ்! கிரேக்கத்தில் ‘பிரித்துவிடுதல்’ என்று பொருள். இதில் இன்னொரு வியப்பும் உண்டு. கிரகாம் அன்றே சிறுநீரை அந்தத் தாளின் மேல் ஊற்றிப் பார்த்தார். அதிலிருந்த யூரியா தாளைக் கடந்து தண்ணீருக்கு வந்தது. நோயாளி யாரும் அவர் நினைவில் இல்லை. எது கடக்கிறது, எது தங்குகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். மற்ற கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். கிரகாம் பெயர் வைப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1857-ல், மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி தங்கத்தை மிக மிக நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். தங்க நிறத்தில் அல்ல, மாதுளைச் சாறு போல் சிவந்த நிறத்தில்! அவர் செய்துவைத்த குப்பிகள் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. நூற்று அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்தத் தங்கம் அடியில் படியவில்லை. அதுவும் கொலாய்டுதான். ஆனால் தங்கம் பசையா? ஒட்டுமா? தங்கம் படிகமாகும் பொருளாயிற்றே! அப்படியானால் ‘இரண்டு இனங்கள்’ என்ற கணக்கு எங்கோ இடிக்கிறது.

எங்கே இடிக்கிறது என்று கண்ணால் காண 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ரிச்சர்டு சிக்மாண்டி, ஹென்றி சீடன்டோஃப் என்ற இருவர் புதுவகை நுண்ணோக்கி ஒன்றைச் செய்தார்கள். சாதாரண நுண்ணோக்கியில் கீழேயிருந்து ஒளி வரும். இவர்கள் பக்கவாட்டிலிருந்து ஒளியைப் பாய்ச்சினார்கள். இருட்டறையின் கதவிடுக்கில் வெயில் நுழையும்போது மிதக்கும் தூசி மின்னுமே, அதுபோல் இருண்ட பின்புலத்தில் தங்கத் துகள்கள் புள்ளி புள்ளியாக மின்னின. துகளின் வடிவம் தெரியவில்லை. ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்தது, எண்ண முடிந்தது, எண்ணிக்கையிலிருந்து அளவையும் கணக்கிட முடிந்தது. சிக்மாண்டிக்கு 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

விடை இதுதான்: கொலாய்டு என்பது ஓர் இனமே அல்ல. அது ஓர் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். துகளின் அளவு ஏறக்குறைய 1 நானோமீட்டரிலிருந்து 1000 நானோமீட்டருக்குள் இருந்தால், அந்தக் கலவை கொலாய்டு. அதைவிடச் சின்னதானால் கரைசல், உப்புத் தண்ணீர் போல. பெரியதானால் தொங்கல், சேற்றுத் தண்ணீர் போல, கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். துகள் தங்கமாக இருக்கலாம், கொழுப்பாக இருக்கலாம், கரியாக இருக்கலாம், உப்பாகக்கூட இருக்கலாம். மிதக்கும் இடம் தண்ணீராகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம்.

ஆக, புகையும் உள்ளே வந்துவிட்டது. காற்றில் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்தான் புகை. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிதான் மூடுபனி. இரண்டிலும் பசையும் இல்லை, கூழும் இல்லை. பெயர் வைத்தபோது சொன்ன காரணம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கிரகாமின் முடிவில் பாதி தவறு. ஆனால் அவர் கண்டதெல்லாம் உண்மை. பெரிய துகள் மெதுவாக நகரும், தாளின் நுண்துளைக்குள் நுழையாது. ஓடுவதும் தவழ்வதும், கடப்பதும் தங்குவதும் அளவால் வருபவை. அவர் அளந்த எண்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

தமிழில் இதற்குக் ‘கூழ்மம்’ என்று பெயர் வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பசைக்குப் பதில் அவர்கள் கூழை எடுத்துக்கொண்டார்கள், அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். பழந்தமிழில் கூழ் என்றால் உணவு என்றே பொருள் உண்டு. திருக்குறளிலும் இந்தச் சொல் வருகிறது. இன்றைக்கு நமக்குக் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் கேழ்வரகுக் கூழ் கிண்டுவதை அடுத்த முறை பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் மாவைத் தண்ணீரில் கரைப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் மாவு அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். இது தொங்கல். அதையே கலக்கிவிட்டு, நொய் வெந்துகொண்டிருக்கும் பானையில் ஊற்றிக் கிண்டுவார்கள். சூடு ஏற ஏற, மாவில் இருக்கும் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பும். அறுபது எழுபது டிகிரியைத் தாண்டும்போது கரண்டி திடீரென்று கனக்கும். உப்பிய மணிகளிலிருந்து ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுகள் நழுவித் தண்ணீருக்குள் பரவுவதால் வந்த கனம் அது. இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு தனியாக, தண்ணீர் தனியாகப் பிரியாது. ஒரே பானையில், கால் மணி நேரத்துக்குள், தொங்கல் கூழ்மமாக மாறிவிட்டது! ஆறிய பிறகு அது இறுகி, வெட்டினால் கட்டியாக வரும். இப்படி இறுகியதை ‘ஜெல்’ என்பார்கள். ஓடும் நிலையில் இருப்பதை ‘சால்’ என்பார்கள். இந்த இரண்டு பெயர்களும் கிரகாம் வழியாக வந்தவையே. ஜெலட்டினில் இருக்கும் ‘ஜெல்’தான் அது.

பாலும் அப்படித்தான். பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உறை ஊற்றினால் பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்குகின்றன, உருண்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, தயிர் உறைகிறது. ஓடிய சால், நின்ற ஜெல்லாகிறது. புது ஷூ வாங்கினால் பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்குமே, ‘சிலிக்கா ஜெல், சாப்பிடாதீர்கள்’ என்று எழுதி? கிரகாம் சிலிக்காவையும் தன் தாளில் ஊற்றிச் சுத்தம் செய்தவர்தான். தெளிந்த தண்ணீர் போல இருந்த அது, சில நாள் கழித்துத் தானாகவே ஜெல்லியாக இறுகியதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்.

பாலைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். எண்ணெயும் தண்ணீரும் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் கூழ்மத்துக்கு ஆங்கிலத்தில் ‘எமல்ஷன்’ என்று பெயர். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் டப்பாவில் பார்த்திருப்பீர்கள். லத்தீன் மொழியில் ‘கறந்து எடுப்பது’ என்ற வினையிலிருந்து வந்தது. பழைய கால மருந்து செய்பவர்கள் பாதாம்பருப்பைத் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளையாக எடுத்த பாலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நம் தேங்காய்ப்பால் அதற்கு உடன்பிறப்பு. தமிழில் இதற்குப் பால்மம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கூழ்மமா, கரைசலா என்று கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் உப்பைக் கரையுங்கள், இன்னொன்றில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். உப்புத் தண்ணீரில் ஒளி போகும் பாதை தெரியாது. பால் கலந்த தண்ணீரில் ஒளிக்கற்றை அப்படியே தெரியும், இலேசான நீல நிறத்தோடு. டம்ளருக்கு மறுபக்கம் போய் டார்ச்சைப் பார்த்தால், ஒளி மஞ்சளோ ஆரஞ்சோ ஆகியிருக்கும். இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர். லேசர் விளக்கு மட்டும் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

இனி டயாலிசிஸ் கதை. கிரகாம் 1869-ல் இறந்துபோனார். அவருடைய தாள் மனிதர்களின் உயிரைக் காப்பாற்றும் கருவியாக மாற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1943-ல் ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்தார். போர்க்காலம், எந்தப் பொருளும் கிடைக்காது. சாசேஜ் செய்ய இறைச்சியை அடைக்கும் செலோஃபேன் குழாயை வாங்கி, மரச் சட்டங்களால் ஆன உருளை மேல் சுற்றினார். குழாய்க்குள் நோயாளியின் இரத்தம். வெளியே தொட்டியில் உப்பு நீர். உருளை சுழலச் சுழல, யூரியா செலோஃபேனைக் கடந்து வெளியேறியது. இரத்த அணுக்களும் புரதங்களும் உள்ளேயே நின்றன. முதலில் வந்த நோயாளிகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் விடவில்லை. 1945-ல், நினைவிழந்து கிடந்த 67 வயது அம்மா ஒருவர் கண் விழித்தார்.

இன்று மருத்துவமனையில் இருக்கும் கருவியில் செலோஃபேனுக்குப் பதில் முடியைப் போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. வேலை அதேதான். நம் இரத்தத்திலும் அல்புமின் என்ற பெயரில் ஒரு புரதம் உண்டு. அது கூழ்ம அளவில் பெரியது, சுவரைக் கடக்காது. யூரியா சின்னது, கடந்துவிடும்.

கிரகாமின் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சில்லாத மெல்லிய செலோஃபேன் தாளைப் பை போலக் கூட்டி, அதில் ஆறிய சாதக் கஞ்சியை ஊற்றி, ஒழுகாதபடி வாயை இறுகக் கட்டுங்கள். பையின் வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சோதனை பாழ். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினைச் சில சொட்டு விடுங்கள். தண்ணீர் வெளிர் மஞ்சளாகும். ஸ்டார்ச்சைத் தொட்டால் அயோடின் கருநீலமாகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பையை அந்தத் தண்ணீரில் இறக்கி, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். அயோடின் கையில் பட்டால் கறை எளிதில் போகாது, வாயில் வைக்கவே கூடாது. பிறகு வந்து, கருநீலம் பைக்குள் வந்திருக்கிறதா, வெளித் தண்ணீரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பொருள் சுவரைக் கடந்தது, எது கடக்கவில்லை, ஏன் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கஞ்சிக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர், கஞ்சியோடு கொஞ்சம் உப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் முதலில் நீங்களே ஊகித்து எழுதிவிட்டு, அப்புறம் செய்து பாருங்கள்.